தலையணைக்கு நல்ல காற்று

லுசேர்ண் ஏரிக்கரையில் ஒரு தலையணையைப் பிள்ளை வண்டிலில் படுக்கவைத்து, கம்பளித் தொப்பியும் போட்டு, நாள் தவறாமல் காற்று வாங்கக் கூட்டிக்கொண்டு போன பெண் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். வேறு யாராவது இருந்தால் சந்தித்து இரண்டு கதை கதைக்க ஆசை.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. மாசி மாதம். பிள்ளை பிறந்த வீட்டுத் தீட்டு, எங்கள் பேச்சில் துடக்கு, இன்னும் முடியவில்லை. நாங்கள் அகதிகளாகப் பதிந்துவிட்டு, இருக்கலாமா திரும்பிப் போகவேண்டுமா என்ற முடிவுக்காகக் காத்திருந்தோம். இவர் ஏரியைப் பார்த்தபடி நிற்கும் ஒரு பெரிய ஹோட்டலின் குசினியில் கோப்பை கழுவினார். மத்தியானச் சாப்பாடு முடிந்து இரவுச் சாப்பாடு தொடங்கும்வரை அவர்களுக்கு ஓய்வு. அந்த நேரத்தில் கூட வேலை செய்பவர்கள் எல்லாரும் காலை நீட்டிப் படுப்பார்கள். இவர் மட்டும் வீட்டுக்கு ஓடிவந்து சட்டம் போடுவார்.

ஊரில் இவர் சடங்கு சம்பிரதாயம் என்றாலே கேலி பண்ணுகிற ஆள். எங்கள் கலியாணத்தில் ஐயர் மந்திரம் சொல்லச் சொல்லக் கொட்டாவி விட்டவர். ஆனால் பிள்ளை பிறந்த வீட்டில் செய்யவேண்டியதைச் செய்ய இங்கே மாமியும் இல்லை, சித்தியும் இல்லை, மருத்துவிச்சியும் இல்லை என்று கண்டதும் அத்தனை பதவியையும் தானே எடுத்துக்கொண்டார். ஓர்லிகோனில் இருந்த சிநேகிதர் வீட்டுக்கு ரயிலில் போய், பிள்ளைப்பெற்றவளுக்குக் கறியில் போடுகிற சரக்குத்தூள் வாங்கிவந்தார். பால் சுரக்கக் கொடுக்கிற பால்சுறா மீன் கிடைக்காதபடியால் ஏரி மீனில் பத்தியக் கறி வைத்தார். அந்த மணம் மூன்று மாடிக்கும் போனது. முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிக்கும்வரை தாயும் பிள்ளையும் வாசலைத் தாண்டக் கூடாது, யன்னல் திறக்கக் கூடாது, தலையில் பச்சைத்தண்ணி படக் கூடாது என்பதெல்லாம் அவருக்கு எங்கிருந்து ஞாபகம் வந்ததோ தெரியாது. குளிர் ஏறாமல் என் காதுகளில் பஞ்சு அடைத்திருந்ததால் அவர் சொன்ன விதிகளில் பாதி எனக்குக் கேட்கவில்லை. அதுவும் ஒரு நன்மைதான்.

எனக்கு வேறு ஒரு பிரச்சினை இருந்தது. அதை நான் அவருக்குச் சொல்லவில்லை. பிள்ளையில் எனக்குப் பாசம் வரவில்லை. பெற்றவுடன் பால் சுரக்கிற மாதிரி அதுவும் தானாக வரும் என்றுதான் எல்லாரும் சொல்லியிருந்தார்கள். பால் வந்தது. மற்றது வரவில்லை. ஸ்டேஷனில் யாரோ ‘கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கோ’ என்று தந்துவிட்டுப் போன பெட்டி மாதிரி அது என் பக்கத்தில் கிடந்தது. நேரத்துக்குப் பால் கொடுத்தேன், துணி மாற்றினேன், அது அழும்போது நானும் அழுதேன். சொந்தக்காரர் வந்து பெட்டியைக் கேட்கமாட்டார்களா என்று சில நேரம் வாசலைப் பார்த்தேன். இப்படியே இருந்துவிட்டால் என்ன செய்வது என்று பயமாக இருந்தது.

அப்போதுதான் அந்தத் தாதி வந்தாள். புதிதாகப் பிள்ளை பெற்ற வீடுகளுக்குத் தராசும் பையுமாக ஒரு தாதியை அனுப்புவது இந்த நாட்டு வழக்கம். வந்தவள் முதலில் மூக்கைச் சுளித்தாள், அது பத்தியக் கறிக்கு. பிறகு யன்னலைத் திறந்தாள், இவர் பாய்ந்துபோய் மூடினார். பிள்ளையை நிறுத்துப் பார்த்து நல்லது என்றாள். கடைசியில் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, வண்டிலைக் காட்டி, வெளியைக் காட்டி, ஏரிப் பக்கம் கையை நீட்டி, ஒவ்வொரு நாளும் போகவேண்டும், நல்ல காற்று வேண்டும் என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். பிள்ளைக்குச் சொன்னாளா, எனக்குச் சொன்னாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இவருக்கு அதில் சந்தேகமே இல்லை. அது அரசாங்கக் கட்டளை. இந்த நாட்டில் கையில் பை வைத்திருக்கிற எவரும் அகதி விண்ணப்பங்களுக்கு முடிவு சொல்கிற பேர்ண் நகரத்துக்கு எழுதிப் போடுவார்கள் என்பது குசினியில் எல்லாருக்கும் தெரிந்த விஷயமாம். காற்றுக் காட்டாத தாய் என்று தாதி ஒரு வரி எழுதினால் எங்கள் விண்ணப்பம் அத்தோடு சரி. போதாக்குறைக்கு அவள் சைக்கிளில் ஏரிக்கரையால் போவதை இவர் ஹோட்டல் பின்வாசலிலிருந்து இரண்டு தரம் கண்டிருக்கிறார். ஒரு பக்கம் முப்பத்தோராம் நாள், மறுபக்கம் பேர்ண். இவர் அன்று இரண்டு கோப்பை தேத்தண்ணி குடித்து யோசித்தார். பிறகு அலுமாரியிலிருந்து ஒரு தலையணையை எடுத்தார்.

அதைச் சுருட்டி நூலால் கட்டினார். துவாயை உருட்டித் தலையாக வைத்தார். பிள்ளைக்கென்று யாரோ தந்த கம்பளித் தொப்பியை அதற்குப் போட்டு, போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தார். முகத்தில் கலைஞனின் திருப்தி. தாயும் வாசலைத் தாண்டக் கூடாதே என்று கேட்டேன். அதற்கும் வழி வைத்திருந்தார். பிள்ளைப்பெற்றவள் வெளியே போகத்தான் வேண்டுமென்றால் பேய் அண்டாமல் கையில் இரும்பு வைத்திருந்தால் போதுமாம். ஊரில் சத்தகமோ ஆணியோ கொடுப்பார்கள். இவர் ஹோட்டலில் நத்தார் பண்டிகைக்குக் கொடுத்த சிவப்புப் பேனாக்கத்தியை என் கோட்டுப் பைக்குள் போட்டார். போத்தல் திறக்கிற அலகும் அதில் இருந்தது. தான் ஓய்வு நேரத்தில் உண்மைப் பிள்ளையோடு வீட்டில் இருப்பதாகவும், நான் பொய்ப் பிள்ளையோடு ஏரிக்குப் போய்வருவதாகவும் ஏற்பாடு. பேயும் ஏமாறும், பேர்ணும் ஏமாறும்.

முதல் நாள் ஏரியே இருக்கவில்லை. கரை இருந்தது, கம்பி வேலி இருந்தது, அதற்கப்பால் மூடுபனியின் சாம்பல் நிறம். மலைகளைப் பார்க்கவென்று உலகத்தின் மறுமூலையிலிருந்து வந்த இரண்டு பேர் அந்தச் சாம்பலைப் படம் பிடித்துக்கொண்டு நின்றார்கள். படகு கட்டுகிற இடத்தில் தண்ணீர் உறைந்திருந்தது. அன்னம் ஒன்று பனிக்கட்டிமேல் நின்று, தன் வீட்டுக்கு யாரோ பூட்டுப் போட்டுவிட்டதைப் போலப் பார்த்தது. வண்டில் சில்லு, பனி உறையாமல் நிலத்தில் தூவியிருந்த உப்பில் கரகரத்தது. நான் தலையணையைத் தள்ளிக்கொண்டு போனேன். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது, இரண்டும் குளிரில் மூக்கால்தான் ஓடின.

ஆனால் அடுத்த நாள் போகச் சொல்லி அவர் கேட்க முதல் நானே கோட்டைப் போட்டேன். உண்மையைச் சொன்னால் அந்தத் தலையணை எனக்குப் பிடித்துப்போனது. அது அழாது. பசிக்காது. என்னிடம் ஒன்றும் எதிர்பார்க்காது. கதைத்தால் கேட்டுக்கொண்டிருக்கும். நான் அதோடு கதைக்கத் தொடங்கினேன். இந்தா, இண்டைக்கும் மலை இல்லை. இந்தா, அன்னத்துக்கு இண்டைக்குக் கொஞ்சம் தண்ணி கிடைச்சிருக்கு. வீட்டில் பிள்ளையோடு ஒரு வார்த்தை கதைக்காதவள் வீதியில் பஞ்சு மூட்டையோடு கதைத்துக்கொண்டு போனேன்.

படகுத் துறைக்குப் பக்கத்து வாங்கில் ஒரு வயதான அம்மா தினமும் இருப்பார். பச்சைக் கோட்டு, கையில் அன்னங்களுக்குப் போடக் காய்ந்த பாண் துண்டுகள். நான் வண்டிலைத் தள்ளிவந்த முதல் நாளே எட்டிப் பார்க்க எழும்பினார். எனக்குத் தெரிந்த நாலைந்து ஜெர்மன் சொற்களில் ஒன்றைப் போட்டு, நித்திரை என்றேன். அவர் விரலை உதட்டில் வைத்து, சத்தமில்லாமல் திரும்பவும் உட்கார்ந்தார். எனக்கும் இடம் விட்டார். இந்த நாட்டில் நான் வந்ததிலிருந்து பஸ்ஸில்கூட யாரும் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்ததில்லை. அன்றிலிருந்து அந்தம்மாவும் நானும் தலையணையும் ஒரே வாங்கில் இருந்து ஏரியைப் பார்த்தோம். அவர் குளிர் என்பார், நான் குளிர் என்பேன். காற்று என்பார், காற்று என்பேன். என் ஜெர்மன் முழுவதும் வானிலையாகவே வளர்ந்தது. பிற்காலத்தில் மொழி வகுப்புக்குப் போனபோது, ரொட்டி வாங்கத் தெரியாத இவளுக்கு உறைபனிக்கும் கல்மழைக்கும் எப்படிச் சொல் தெரியும் என்று ஆசிரியை அதிசயப்பட்டாள்.

இடையில் ஊர் முழுக்க முகமூடி போட்டுக்கொண்டு மேளம் அடித்துக் குளிர்காலத்தைத் துரத்துகிற திருவிழா வந்தது. விடியமுன்னமே தொடங்கிவிட்டார்கள். கொம்பு, கோரைப்பல், நீட்டிய நாக்கு என்று அத்தனை பேயும் ஏரிக்கரையில்தான் திரிந்தன. என் பையில் கத்தி இருப்பது சரிதான் என்று அன்று ஒருநாள் நினைத்தேன். ஒரு பேய் வண்டிலுக்குள் ஒரு கைப்பிடி வர்ணக் கடுதாசித் துண்டுகளைக் கொட்டிவிட்டு, மன்னிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுப் போனது. அவ்வளவு மரியாதையான பேய்களை நான் அதற்கு முன் கண்டதில்லை. திருவிழா முடிந்தது. தன்னைத் துரத்திவிட்டார்கள் என்பது குளிர்காலத்துக்குத் தெரியாது போல. அடுத்த நாளே முழங்கால் அளவு பனி கொட்டியது.

இந்த நாட்டில் வசந்தம் வருவதற்கு முதல் நகரசபை வரும். செம்மஞ்சள் உடுப்புப் போட்ட ஆட்கள் பனியை விலக்கிவிட்டுக் கரையோரப் பாத்திகளில் பூக்கன்றுகளை வரிசையாக நட்டார்கள். மூன்றாம் நாள் பூக்கள்மேல் பனி. அவர்கள் வந்து பனியைத் தட்டிவிட்டுப் போனார்கள். நாலாம் நாளும் பனி. எங்களுடைய இவரைப் போலவே அவர்களும் விதியை நம்புகிறவர்கள் என்று தெரிந்தது. ஆனால் அந்தச் சிறிய பூக்கள் வாடவில்லை. பனிக்கு அடியில் கிடந்து, அது கரைந்ததும் மறுபடி முகத்தைக் காட்டின. துறையில் ஒதுக்கி விட்டிருந்த கப்பலில் ஏறி ஒருவன் வெள்ளை வர்ணம் பூசத் தொடங்கினான். மொட்டையாக வெட்டி விட்டிருந்த மரங்களின் கணுக்களில் தொட்டால் ஒட்டுகிற பிசினோடு அரும்பு தெரிந்தது. இதையெல்லாம் நான் தலையணைக்குச் சொல்லிக்கொண்டே போனேன்.

ஒரு நாள் வடகிழக்கிலிருந்து கத்தி வீசுகிற மாதிரி ஒரு காற்று. வாங்கில் இருந்தபோது வண்டிலின் போர்வை ஒரு பக்கம் கிளம்பிவிட்டது. நான் கையை நீட்ட முதல் அந்தம்மா எழும்பிப் போர்வையைச் செருகினார். செருகிய கை அப்படியே நின்றது. அவர் விரல் தலையணையில் அழுந்துவதை நான் பார்த்தேன். முடிந்தது என்று நினைத்தேன். அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. போர்வையை நாலு பக்கமும் ஒழுங்காகச் செருகி, தொப்பியையும் நேராக்கிவிட்டு, திரும்ப வந்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து என் கைமேல் தன் கையை வைத்தார்.

வீட்டுக்கு வந்து இவருக்குச் சொன்னேன். இவர் முகம் செத்துப்போனது. அந்தக் கிழவி இதற்குள் பொலிசுக்குச் சொல்லியிருப்பாள், இரண்டு நாளில் ஆள் வரும், பெட்டியைக் கட்டு என்றார். இரண்டு நாள் வாசலில் மணி அடித்தபோதெல்லாம் இவர் சட்டையை மாற்றிக்கொண்டு போய்த் திறந்தார். ஒருவரும் வரவில்லை. நான் ஏரிக்குப் போனேன். அந்தம்மா வழமைபோல இடம் விட்டு உட்கார்ந்தார். பையிலிருந்து ஒரு சொக்லேட் துண்டை எடுத்து எனக்குத் தந்தார். வண்டிலை எட்டிப் பார்க்கவில்லை. இந்த நாட்டுக்காரர் பண்பானவர்கள், மற்றவர் விஷயத்தில் தலையிட மாட்டார்கள் என்று இவர் பிறகு விளக்கம் சொன்னார். பொலிசுக்குச் சொல்வார்கள் என்றவரும் இவர்தான்.

பங்குனி பிறந்திருந்தது. துடக்குக் கழிய இன்னும் சில நாள்தான். அன்று வாசலைத் திறந்தபோதே என்னவோ மாறியிருந்தது. காற்று சூடாக இருந்தது. தெற்கு மலைகளைத் தாண்டி விழுகிற காற்று அது. இங்குள்ளவர்கள் தலையிடிக்கும் வீட்டுச் சண்டைக்கும் அதைத்தான் குற்றம் சொல்வார்கள். நான் ஏரிக்கரைக்கு வந்து நின்றேன். சாம்பல் எல்லாம் போய்விட்டது. மலைகள் வந்து நின்றன. இத்தனை நாளும் இங்கேயே இருந்துகொண்டு ஒளித்திருந்திருக்கின்றன. ஒவ்வொரு பாறையும் மடிப்பும் கைக்கெட்டும் தூரத்தில் தெரிந்தது. ஏரி நீலமாகி, ஒவ்வொரு அலையிலும் வெயில் உடைந்து கண்ணைக் கூசவைத்தது. உறைந்து கிடந்த இடத்தில் தண்ணீர் கரையை அடித்தது. எனக்கு அதிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. காதிலிருந்த பஞ்சை எடுத்து எறிந்தேன்.

பிறகு குனிந்து வண்டிலுக்குள், “பாரம்மா, பார்” என்றேன்.

தொப்பிக்குக் கீழே துவாய் உருண்டை. அதில் கண் இல்லை. அதற்கு இது ஒன்றும் தெரியப்போவதில்லை. எனக்குத் தலையணைக்குக் காட்ட வேண்டியிருக்கவில்லை. அவளுக்குக் காட்ட வேண்டியிருந்தது. அவள் மூடிய யன்னலுக்குப் பின்னால், மூன்றாம் மாடியில், குப்பைத் தொட்டிகள் இருக்கிற முற்றத்தைப் பார்த்தபடி கிடந்தாள். அந்த நேரத்தில் மார்பு கடுத்துப் பால் இறங்கி உள்ளுடுப்பு நனைந்தது. நான் வண்டிலைத் திருப்பிக்கொண்டு ஓடினேன். பிள்ளைப்பெற்று மாதம் ஆகாதவள் ஓடக் கூடாது என்பதும் இவருடைய விதிகளில் ஒன்று.

இவர் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு உலாத்திக்கொண்டிருந்தார். நான் தலையணையைத் தூக்கிக் கட்டிலில் எறிந்தேன்.

“பிள்ளையைத் தாங்கோ. ஏரிக்குக் கொண்டுபோறன்.”

“விசரோ உமக்கு? இன்னும் நாள் கிடக்கு. பொறுக்க ஏலாதோ?”

“ஏலாது. வெயில் போகமுதல் காட்ட வேணும்.”

அவர் துடக்கைச் சொன்னார், காற்றைச் சொன்னார், பேயைச் சொன்னார். நான் பிள்ளைக்கு உடுப்புப் போட்டேன். கடைசியில் இவர் குடையை எடுத்துக்கொண்டு, பேனாக்கத்தியை என் பையிலிருந்து தன் பைக்கு மாற்றிக்கொண்டு, தானும் வெளிக்கிட்டார். பேய் வந்தால் சமாளிக்க ஓர் ஆம்பிளை வேண்டுமாம்.

அந்தச் சூட்டுக் காற்று நின்றால் ஒரு நொடியில் நின்றுவிடும் என்பது எனக்கு அப்போது தெரியாது. நாங்கள் கரைக்கு வந்தபோது மலைகளைக் காணவில்லை. வானம் இருண்டு, மழையும் பனியும் கலந்து முகத்தில் அடித்தது. என் மகளுக்குக் காட்டக் கொண்டுவந்த வசந்தம், நான் அவளுக்குச் சப்பாத்து மாட்டுவதற்குள் முடிந்துபோயிருந்தது. இவர் குடையை விரித்தார். நான் சொன்னேன்தானே என்று வாய்வரை வந்ததை அவர் விழுங்கியது தெரிந்தது. பிள்ளை முதல்தரமாகக் குளிர்காற்றுப் பட்டு, தொண்டை கிழியக் கத்தத் தொடங்கினாள்.

அந்தம்மா பாண் பையை மடித்துக்கொண்டு வீட்டுக்குப் போக எழும்பியிருந்தார். அழுகைச் சத்தம் கேட்டுத் திரும்பினார். என்னைப் பார்த்தார், வண்டிலைப் பார்த்தார். மெல்ல வந்து குனிந்தார். சிவந்து, கண்ணை இறுக்கி, பல்லில்லாத வாயைத் திறந்து கத்துகிற முகத்தைப் பார்த்துவிட்டு வண்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். பிறகு ஜெர்மனில் ஏதோ சொன்னார். அதில் வானிலைச் சொல் ஒன்றும் இருக்கவில்லை. எனக்கு விளங்கவில்லை. நான் இவரைப் பார்த்தேன்.

இவருடைய குசினி ஜெர்மனுக்கு அது விளங்கியது.

“உம்மட பிள்ளை செத்துப்போச்செண்டு நினைச்சவவாம். அந்தத் துக்கத்திலைதான் நீர் தலகணியைத் தள்ளிக்கொண்டு திரியிறீர் எண்டு.”

சொல்லிவிட்டு இவர் எங்கள் முப்பத்தோராம் நாளையும் துடக்கையும் அந்தம்மாவுக்கு விளங்கப்படுத்த முயன்றார். சட்டியும் கோப்பையும் கழுவுகிற ஜெர்மனில் அது முடிகிற காரியமில்லை. அந்தம்மா கேட்கவுமில்லை. கையுறையைக் கழற்றி, போர்வைக்குள் கையை விட்டு, பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். போர்வை கிளம்பிய அந்த நாளிலிருந்து ஒவ்வொரு நாளும் எனக்குப் பக்கத்தில் இருந்து என் பிள்ளைக்காகத் துக்கம் காத்திருக்கிறார். எனக்கே அதில் பாசம் இல்லாதபோது ஒரு வேற்றுமனுசி அதன் சாவுக்குக் கவலைப்பட்டிருக்கிறார். நானோ சொக்லேட் தின்றுகொண்டு குளிர், காற்று என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

செத்துப்போச்சு என்ற சொல் என் காதில் கிடந்தது. அது நடந்திருக்கக் கூடியது என்று எனக்கு அதுவரை ஒரு தரமும் தோன்றவில்லை. நான் குனிந்து அவளைத் தூக்கி, கோட்டுப் பொத்தானைத் திறந்து நெஞ்சோடு வைத்து மூடினேன். அழுகை கோட்டுக்குள் போய் அடங்கியது. பனி விழுகுது, பிள்ளையைத் தாரும், வண்டிலில் கிடத்துவம் என்று இவர் கையை நீட்டினார். வீடு வந்து சேரும்வரை நான் அவளை அவரிடமும் கொடுக்கவில்லை.